படம் எடுத்தது நான்

புதன், இரவு 11.40

படுத்துப் பார்த்தேன், முடியவில்லை. இன்று பாலர் பள்ளி வாசலில் ஷாலினி தன் மகனின் பிறந்தநாளுக்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்ட்டி பேக் கொடுத்தாள். கவிதா அக்காவின் மகள் தர்ஷினியும் கையை நீட்டினாள்.

“முடிஞ்சிருச்சு கண்ணு,” என்றாள் ஷாலினி. அவள் கொண்டுவந்த பெரிய பைக்குள் இன்னும் நான்கைந்து இருந்தன. மற்ற அம்மாக்கள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான்.

பள்ளி வேனில் பிள்ளைகளை அடைத்து ஏற்றுகிறார்கள் என்று போன மாதம் புகார் கொடுத்தவர் கவிதா அக்கா. வேன் நின்றுபோனது. அன்றிலிருந்து அவரோடு யாரும் பேசுவதில்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். “இவளாலதான்லா நான் தினம் வேலைக்கு லேட்டு,” என்று அவர் காதுபடவே சொல்கிறார்கள்.

புகாரோடு போன படத்தை எடுத்தது நான். இன்னொரு பிள்ளையின் மடியில் என் மகள் நசுங்கி உட்கார்ந்திருந்த படம். “நீங்க கம்ப்ளைன் பண்ணுங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு,” என்று அக்காவுக்கு மெசேஜ் அனுப்பியதும் நான்தான்.

கார் எடுக்கப் போகும்போது அக்கா பக்கத்தில் வந்தார். தர்ஷினி அவர் தோளில் அழுதுகொண்டிருந்தாள்.

“பயப்படாதம்மா. உன் பேரு என் வாயிலேர்ந்து வராது.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. “தேங்க்ஸ்க்கா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

ராத்திரி சோறு ஊட்டும்போது மகள் கேட்டாள். “அம்மா, நாளைக்கு தர்ஷினிகூட விளையாடலாமா, கூடாதா?”

“மொதல்ல சாப்பிடு,” என்றேன். தூங்கும்வரை இன்னும் இரண்டு தடவை கேட்டாள்.