மிளகாய் நாற்றும் மஞ்சள் தண்ணீரும்

ஐப்பசி 19, புதன்

நேற்றிலிருந்து விடாத தூறல். கொல்லை முழுக்கச் சேறு. நல்லவேளை, மிளகாய் விதையை இந்த வருஷம் வெளியே பாவவில்லை. நான்கு மண் தொட்டியில் வீட்டுக்குள்ளேயே போட்டேன். அன்றைக்கு நைனா சிரித்தார், ஊட்டுக்குள்ள வெள்ளாமையா என்று. முளைத்து இரண்டு இலை விட்டதும் சிரிப்பு நின்றது. கிணற்றடிப் பாத்தியை உன்னிடமே விடுகிறேன், பார்த்துக்கொள் என்றார்.

இன்று காலை வீட்டுக்குத் தூரம். மூன்று நாளைக்கு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறை. ஈரத்துணி வாடை. தொட்டிகளை அண்ணியிடம் ஒப்படைத்தேன். காலையில் ஒரு தரம் மட்டும் தண்ணீர், கை நனையும் அளவு, வெளிச்சம் படுகிற இடம். தலையாட்டினாள்.

ஐப்பசி 22, சனி

தலை முழுகிவிட்டு நேரே தொட்டிகளிடம் போனேன். முக்கால்வாசி சாய்ந்து கிடக்கின்றன. பார்த்தவை:
– தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாய் மெலிந்து, பழுப்பு நிறம்.
– மேல் மண்ணில் வெள்ளைப் பூஞ்சணம்.
– இலை பச்சையாகவே. ஆக, வாடவில்லை. அழுகியிருக்கிறது.
– மண்ணைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. மஞ்சளாக.

ஏன் மஞ்சள் என்று கேட்டேன். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "மொத நாளு காலைல அது மேல குனிஞ்சிகினு நின்ன. உன் நெழலு பட்டுகீது. தீட்டுக் கழியட்டும்னு மூணு வேளையும் மஞ்சத்தண்ணி ஊத்தச் சொன்னேன். அப்பவும் தாங்கல பாரு."

மூணு வேளை. அடியில் துளைகூட இல்லாத தொட்டியில். சாமி மாடத்துக்குக் கீழே, இருட்டு மூலையில். துளை போடாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் யார் தப்பு?

என் நிழலுக்கு இவ்வளவு சக்தி உண்டென்று தெரிந்தால் ஆவடிப் பட்டாளத்துக்காரர்கள் என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எதிரி வயலில் நிறுத்திவிடுவார்கள். சண்டை ஒரு வாரத்தில் முடியும்.

நைனா திட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "இன்னொரு தபா போடு. அதுவும் போச்சுன்னா கொல்லப் பக்கம் கைய வெக்காத. புஸ்தகத்தோட நிறுத்திக்க."

ஐப்பசி 24, திங்கள்

வெயில், இரண்டு நாழிகை. மறுபடி விதைத்தேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஆணியால் ஐந்து துளை. ஒரு தொட்டி உடைந்துவிட்டது, மூன்றுதான் மிச்சம். ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. மேலே சாம்பல், எறும்புக்காக. பழைய விவசாய மாசிகையில் நாற்றழுகல் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. முதலிலேயே படித்திருக்க வேண்டும். நெருக்கமாய் விதைக்காதே, ஈரத்தைத் தேக்காதே. தீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தொட்டிகளைக் கம்பி ஜன்னலில் வைத்தேன். காலை வெயில் வரும். கொட்டகைப் பக்கத்திலிருந்து கையும் எட்டும்.

கார்த்திகை 5, வெள்ளி

முளைத்துவிட்டன. வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்கின்றன, தினமும் தொட்டியைத் திருப்ப வேண்டும். கிரசின் இல்லை, ஆறு மணிக்கே படிப்பு முடிந்தது. தலைவலி.

கார்த்திகை 17, புதன்

மறுபடி கொட்டகை. விடியற்காலை வெளிப்பக்கமாய்ப் போய்க் கம்பிக்குள் கைவிட்டு நானே தண்ணீர் தெளித்தேன். ஒவ்வொரு நாற்றையும் வேண்டுமென்றே தொட்டேன். முதல் நாற்றில் விரல் பின்வாங்கியது. இவ்வளவு படித்தும் ஏன் பின்வாங்க வேண்டும்? அதுதான் ஆத்திரம்.

நிமிர்ந்தால் உள்ளே அண்ணி, கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு. பிறகு அவள் வெளியே வந்து, சொம்பை வாழை அடியில் கவிழ்த்தாள். "வாழ தாங்கும் பாப்பா," என்றாள். மூன்று வேளையும் அப்படியே செய்வதாகவும் சொன்னாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

கார்த்திகை 20, சனி

தலை முழுகல். ஒரு நாற்றும் சாயவில்லை. நான்காம் இலை.

மார்கழி 7, திங்கள்

பனி. நடவு. நைனா நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்து, பலே என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை அபூர்வம். பாத்தி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா நாற்று வளர்த்த விதம் கேட்டு வந்தாள். போன மாதம்தான் அவள் மகள் பெரியவளானாள். அம்மா பெருமையாய்ச் சொல்லிக்கொடுக்கிறாள்: பெண்ணை ஜன்னல் பக்கமே விடாதே, மூன்று வேளை மஞ்சள் தண்ணீர், எங்கள் நாற்றைப் பார். கன்னியம்மா விரல் விட்டு எண்ணிக்கொள்கிறாள். அவள் நாற்றும் அழுகும். பன்னிரண்டு வயதுக் குழந்தை பழி சுமக்கும்.

சும்மா இருந்தால் பாத்தி எனக்கு. சொல்லிவிட்டேன்.

"அந்த மூணு நாளும் நாந்தான் தண்ணி ஊத்துனேன். ஒவ்வொண்ணையும் தொட்டேன். மஞ்சத்தண்ணி ஒரு சொட்டு போவல."

அண்ணி பெயரை எடுக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் பிடுங்கி எறியச் சொன்னாள். நைனா கையில் ஒரு நாற்று. நட்டார். அடுத்ததை எடுத்தார். கன்னியம்மா போய்விட்டாள்.

மார்கழி 9, புதன்

நாற்று பிடித்துவிட்டது. அம்மா இரண்டு நாளாய் என்னோடு பேசவில்லை. அண்ணி மூலம் தீர்ப்பு வந்தது: அந்த மிளகாய் வீட்டுக் குழம்புக்கு ஆகாதாம். பூந்தமல்லிச் சந்தையில் விற்கலாமாம். நாங்கள் தின்றால் தீட்டு, சந்தைக்காரர்கள் தின்றால் வியாபாரம். பாத்தி யாருடையது என்று நைனா இன்னும் சொல்லவில்லை. கேட்கப்போகிறேன்.

மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் கன்னியம்மா. எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, மெதுவாய்: "தங்கச்சி, நெசமா ஒரு வேள தண்ணி போதுமா? எம் பொண்ணு கேக்குது. அவ இன்னிக்குக் கொட்டாய்ல கீறா."

போதும் என்றேன். அவளையே ஊற்றச் சொல்லுங்கள் என்றேன்.