துறைமுகப் பாலத்தடியில் உன் மூன்று மா

மச்சான், யாரும் நம்பப்போகாத கதையொன்றை இதோ சத்தியம் செய்து சொல்கிறேன். புதுப் பாலத்தின் தார் வாசனை இன்று காலை என் வீட்டுக்குள் வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். தூண் உச்சியில் மேகம் முட்டி வீங்கிக் கிடக்கிறது. அங்கிருந்து இறங்கும் கம்பி வடங்கள்தான் பாலத்தையே தூக்கிப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துத் தேர் இழுக்கும். பக்கத்தில் பழைய பாலத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நீ தும்மித்தான் அதில் விரிசல் விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேனே, அதே பாலம்.

கரைத் தூண் நிற்பது உன் மூன்று மா வயலில்.

வாலிபத்தில் அந்தக் குத்தகை நிலத்துக்காக நீ அடிவாங்கினாய். மிராசுதாரின் ஆட்கள் வரப்பில் நின்று "வெளிய ஏறுடா" என்று கத்த, நெற்றியில் ரத்தம் வழிய உழுதுகொண்டே இருந்தாய். வந்த நூறு பேரையும் ஒற்றைக் கையால் ஆற்றில் தள்ளியது நான்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். ஆட்சி மாறியது, மறுபடி மாறியது, பாலத்துக் கொடிகளும் மாறின. உன் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

புதுப் பாலத்துக்கு நிலம் எடுக்க வந்தவர்கள், பயிர் செய்கிறவருக்கு மாற்று நிலம் உண்டென்றார்கள். ஏட்டில் பெயர் இல்லையென்றால் சாட்சி வேண்டும். பக்கத்து வயல்காரர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். தாலுகா ஆபீஸ் வாசலில் என் தோளைப் பிடித்தாய்.

"இன்னைக்கு ஒரு நாள் அளவாப் பேசு மச்சான். நான் உழுதேன்னு மட்டும் சொல்லு."

"உன் பெருமைய நான் சொல்லாம வேற எவன்டா சொல்லுவான்?"

அதிகாரி கேட்டார்: "அங்க என்ன வெளஞ்சுது பெரியவரே?"

"நெல்லுங்க. கதிரு பனை ஒசரம். ஏணி வச்சுத்தான் அறுத்தோம். ஒரு தடவ உள்ள போன யானை, அடுத்த போகம்தாங்க வெளிய வந்துச்சு."

ஆபீஸே சிரித்தது. அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதிய தாளை மடித்துவைத்தார். நானும் சிரித்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று உத்தரவு வந்தது.

நீ திட்டவில்லை. "விடு மச்சான், நல்லாத்தான் சொன்ன" என்றாய். பிறகு யாருடைய கருவாட்டுக் கொட்டகைக்கோ காவலிருந்து, இரண்டு மழைக்காலம் தாண்டாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

டீக்கடையில் இன்னும் யானைக் கதையைக் கேட்கிறார்கள். வாயைத் திறந்தால் அந்த ஆபீஸ் சிரிப்புதான் எனக்குக் கேட்கிறது. யானை பொய், மச்சான். ஏணியும் பொய். அங்கே நெல் விளைந்தது மட்டும் உண்மை. விளைவித்தது நீ.