ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவன்

பங்காளி,

கல்யாண வீட்டில் மிஞ்சிய வெற்றிலைப் பையை இன்று காலை பிரித்தேன். யாரோ புண்ணியவான் அதற்குள் ஒரு பொட்டலம் வாசனைப் புகையிலையையும் போட்டு வைத்திருக்கிறான். அவ்வளவுதான், நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். நீ வாய் திறப்பதற்கு முன்பே உன் வாசம் வந்து பேச ஆரம்பித்துவிடும். போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியும் அந்த வழக்கத்தை நீ விடவில்லை.

நல்ல கோபத்தில் இருக்கிறேன். முதலில் ஊர் மேல். நம் பக்கத்தில் ஒரு ஆம்பளை ஒழுக்கமானவன் என்று பேர் வாங்க என்ன வேண்டும்? குடி கூடாது, பீடி கூடாது, சீட்டாட்டம் கூடாது. முடிந்தது. எங்கள் வீட்டு எருமைக்கும்தான் இந்த மூன்றும் கிடையாது. அதற்கு எவனும் பொன்னாடை போர்த்தவில்லை. எனக்குப் போர்த்தினார்கள். பெண்ணே கொடுத்தார்கள். "எங்க மாப்பிள்ளை ரெண்டாவது டம்ளர் டீ கூடக் குடிக்க மாட்டாருங்க" என்று என் மாமியார் சேந்தமங்கலம் முழுக்கச் சொல்லித் திரிந்தது உனக்குத் தெரியும். உன்னைப் பற்றியோ, "அந்தப் பொவையிலகாரனோட சேராத" என்று என் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் கல்யாணம் நினைவிருக்கிறதா? இணைச்சீருக்கு நேரமாகிவிட்டது. மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் கூறைச்சேலையும் கூடையுமாக மணவறையில் வந்து நிற்க வேண்டும். உன் அக்காவோ புருசனைப் பறிகொடுத்து மூன்று வருடமாகி, சமையல்கட்டு ஓரத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தது. சடங்கு நடத்த வந்த அருமைக்காரர் ஒரு சித்தப்பா மகளைக் கூப்பிட்டார்.

"எங்கக்கா எங்கீங்க?" என்று கேட்டாய்.

"அதெப்படிச் சாமி ஆகும்? சுமங்கலிதான நிக்கோணும்."

"அப்படீங்களா" என்றாய், மரியாதையாக. எழுந்தாய். மாலையும் கழுத்துமாக நேரே பந்திக்குப் போய், இலை முன்னால் உட்கார்ந்து இட்லி கேட்டாய். தாலி கட்டாத மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்ததை நாமக்கல் ஜில்லா அன்றுதான் பார்த்தது.

உன் அப்பா தூது அனுப்ப ஆள் தேடினார். மண்டபத்திலேயே ஒழுக்கமான பையன் யார்? நான்தான். வந்து உன் காதில் சொன்னேன்: "ஊரு என்ன சொல்லும் பங்காளி?"

நீ இட்லியைப் பிட்டபடியே சொன்னாய்: "ஊரு சோறுண்ண வந்திருக்குது. உண்டுபோட்டுப் போவும். நீ சட்னிய இப்படித் தள்ளு."

தள்ளினேன். அந்தக் கல்யாணத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அரை மணி நேரத்தில் அக்கா கூடையோடு உன் பக்கத்தில் நின்றது. மண்டபத்துக் கூரை விழவில்லை.

நான் அதை நகைச்சுவைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். பந்திக்கு ஓடிய மாப்பிள்ளை, ஆவி பறக்கும் இட்லி, தலையில் கைவைத்த அப்பா. ஊரே சிரித்தது. நீயும் படித்தாய். "நல்லாத்தான் எழுதியிருக்கற. எங்கக்காளப் பத்தி ஒரு வரியும் காணமே" என்றாய். அதோடு விட்டுவிட்டாய். நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். உன் மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

போன வாரம் என் பையன் கல்யாணம். என் மகள், அடிக்கிற புருசனை விட்டு வந்து வீட்டில் இருக்கிறவள், அவனுக்கு ஒரே அக்கா. கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்பு என் பெரியப்பா மகன் வந்தார். ஆட்டையாம்பட்டியிலிருந்து, புருசனோடு வாழ்கிற ஒரு பெண்ணை இணைச்சீருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன். "உங்களாட்ட ஒழுக்கமான மனுசன் இதையெல்லாம் பிரச்சனை பண்ணலாமுங்களா?" என்றார். மகளை அடித்த அந்த மாப்பிள்ளைக்கும் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று விசாரித்துச் சொன்னவர் இதே ஆள்தான், பங்காளி. நானும் அதைக் கேட்டுத்தான் பெண்ணைக் கொடுத்தேன்.

மகள் உள்ளேயிருந்து, "உடுங்கப்பா, நான் போட்டோ எடுத்துக்கறனுங்க" என்றாள்.

"சரி சாமி" என்றேன். ஒழுக்கமாக.

கல்யாணத்தன்று அவள் செல்போனைத் தூக்கிக்கொண்டு, மணவறைப் படிக்குக் கீழே, யார் படத்திலும் விழாத இடமாகப் பார்த்து நின்றாள். ஆட்டையாம்பட்டிப் பெண்ணின் கைக்குக் கூடை போகப் போனது. நான் படியேறினேன். தொண்டையிலிருந்து வந்தது ஆம்பளைக் குரல் இல்லை. கோழியைப் பிடித்தால் வருமே, அது.

"எம்பொண்ணு நிப்பாளுங்க."

"எந்தப் பொண்ணுங்க?" என்றார் அருமைக்காரர். எனக்கு இருப்பதே ஒன்று என்று அவருக்குத் தெரியும்.

பெரியப்பா மகன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன். பிறகு உன்னிடம் கேட்டுப் பழகியதில் ஒன்றைச் சத்தமாகவே சொன்னேன். ஐம்பத்து மூன்று வயதில் என் முதல் கெட்ட வார்த்தை. மைக் திறந்திருந்தது.

மகள் படியேறி வந்தாள். கூடையை வாங்கி இடுப்பில் வைத்தாள். பையன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்பத்தான் தோணுச்சுங்களாப்பா?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், பங்காளி. துணிச்சல்காரராம். அந்த எட்டு நாளும் என் மகள் தம்பிக்கு மாலை கட்டினாள், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாள், தனக்கு இடமில்லாத கல்யாணத்துக்குக் கோலம் போட்டாள். நான் தினமும் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்தேன். ஒரு டம்ளர்தான்.