இரண்டாவது கழுவல்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். எதிர் வீடு தெரியாத அளவுக்கு மூட்டம். குடை மறுபடியும் சேலத்தில், ஆய்வகத்திலேயே.

வாங்க: அம்மாவின் பிரஷர் மாத்திரை. ஒரு ஜோடிச் செருப்பு. ஆய்வகத்துக்கு அலுமினியத் தாள் (சாயக் குழாய்களில் வெளிச்சம் படக்கூடாது. போன சுருளைச் சப்பாத்தி சுற்றியே தீர்த்தோம்).

மலைமேல் எங்கள் ஊர் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்கு நின்றேன். மிளகும் தேனும் விற்கிற ரபீக் பாய் கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். கையில் தேன் பாட்டில். "ரிசல்ட் நல்லபடியா வந்துருச்சுங்க்கா. ஷமீமா இப்பத்தான் நிம்மதியாச் சாப்புடறா. நொம்பப் பயந்துட்டா." வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன்?

அவர் மனைவி ஷமீமா மாசமாக இருக்கிறாள். அவளுக்குத் தலசீமியாக் கூறு உண்டு; அதாவது அந்தப் பரம்பரை ரத்த நோய் அவளுக்கு இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தலாம். கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் என்றால் கவலையில்லை. இருவருக்கும் இருந்தால், பிறக்கிற குழந்தை ஆயுசு முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ள நேரலாம். பாயின் ரத்தப் பரிசோதனை ரெண்டுங்கெட்டானாக வந்ததால் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்க எங்களிடம் அனுப்பினார்கள். வாசித்தது நான். "மாற்றம் இல்லை" என்று எழுதிக் கொடுத்ததும் நான்.

பஸ் மூன்றாவது வளைவு திரும்பும்போது பாயின் மரபணு வரைபடத்தில் பார்த்த நீல மேடு ஞாபகம் வந்தது. சேலம் வரை அதே நினைப்பு.

ஜூன் 10, செவ்வாய்

மழை இல்லை. செருப்பு வாங்கவில்லை.

பிறகு மழுப்பாமல் இருக்க எழுதி வைக்கிறேன். மரபணுவில் நான்கு எழுத்து, நான்கு ஒளிரும் சாயம். A பச்சை, T சிவப்பு, G கறுப்பு, C நீலம். ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவ வேண்டும். இரண்டாவது கழுவலுக்கு அரை மணி. அதைச் செய்தால் வீட்டுக்குப் போகிற ஐந்தரை பஸ் போய்விடும். அதனால் ஒன்றோடு நிறுத்திவிடுவேன். மாதக்கணக்காக.

மிஞ்சிய சாயம் வரைபடத்தில் எழுபதாவது எழுத்துப் பக்கம் நீலமாக வீங்கி நிற்கும். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அங்கே நீலம் என்றாலே சாயம் என்று தள்ளிவிடுவேன்.

இன்று பாயின் வரைபடத்தைத் திறந்தேன். கறுப்புக்குக் கீழே நீலம். சாய வீக்கம் சோற்று உருண்டை மாதிரி அகலமாக இருக்கும். இது கூராக இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு எழுத்து: ஒன்று சரியானது, ஒன்று மாறியது. அதாவது அவருக்கும் கூறு. மறுமுனையிலிருந்தும் ஒருமுறை வாசித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்; சாய வீக்கம் அங்கே இதே எழுத்தின்மேல் விழாது. வாசிக்கவில்லை.

பாயின் மாதிரியைக் கழுவிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கையில் கையுறையோடு ஓடினேன். புறப்பட்ட பஸ் எனக்காக நின்றது. நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

பாயின் மாதிரி மீதி இருந்தது. முதலிலிருந்து செய்தேன். இரண்டு கழுவல். இரண்டு முனை.

பக்கத்து மேஜை கலா: "ஏனுங்க, மணி அஞ்சேகால் ஆச்சு. இன்னிக்கு ஊட்டுக்குப் போகலீங்களா?"

இரவு சேலத்திலேயே சித்தி வீட்டில் படுக்கை. தலைவலி என்று சித்தியிடம் சொன்னேன். மாத்திரை கொடுத்தாள்.

ஜூன் 12, வியாழன்

வீக்கம் இல்லை. சுத்தமான வரைபடம். கறுப்பும் நீலமும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில். மறுமுனையிலும் அதே.

உள்ளதை எழுத வேண்டும்: முதலில் நினைத்தது வேலை போய்விடுமோ என்றுதான். குழந்தை இரண்டாவதாகத்தான் வந்தது.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "எத்தனை வாரம்?" என்றார். பதின்மூன்று. "வயித்துல இருக்கற குழந்தைக்கு டெஸ்ட் பண்ணிப் பார்க்க இன்னும் நேரம் இருக்கு. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் இங்க இருக்கணும். அவங்களுக்கு நான் போன் பண்றேன்." நானே நேரில் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். ஒற்றைக் கழுவலோடு நான் அனுப்பியவை எல்லாம் மறுபடி வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார். நியாயம்தான்.

மாலை. ஒண்டிக்கடை. பாய் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்த ரிப்போர்ட் தப்பு. உங்களுக்கும் கூறு இருக்கு. தப்புப் பண்ணுனது நான்."

முறம் நின்றது. "எப்படிங்க்கா தப்பாச்சு?"

எல்லாம் சொன்னேன். கழுவல், அரை மணி, ஐந்தரை பஸ். தேன் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"எந்த நாளுங்க்கா அது? கையில உறையோட ஓடியாந்தீங்களே, அன்னிக்கா?"

ஆமாம் என்றேன்.

"சேலத்துல சரக்கெடுத்துட்டு அந்த பஸ்ஸுலதானுங்க உக்காந்திருந்தேன். அக்கா வர்றாங்க, நிறுத்துங்கன்னு டிரைவர்கிட்டச் சொன்னது நாந்தானுங்க."

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளேயிருந்து ஷமீமாவின் குரல். "அக்காவா வந்திருக்காங்க? டீ வெக்கட்டுங்களா?"

"வெய்யி," என்றார் பாய். "வெச்சுட்டு நீயும் இங்க வந்து உக்காரு."