அவ சொல்ல வர்றது என்னன்னா

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

போனில் நான் உன் வாக்கியங்களை எல்லாம் முடித்துவிடுகிறேன், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டுவிட்டாய். கட்டுப்பட்டு எழுதுகிறேன். போனில் உன்னைத் திட்டுகிற சுகம் கடிதத்தில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மறுவாழ்வு மையத்தில் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்கிற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு ஒரு புதிய உதவித் திட்டம் தயாரிக்கப் போகிறோம். அதுவும் உன்னைப் போல, வந்து வந்து போகாமல் கொஞ்சம் கொஞ்சமாக முற்றிக்கொண்டே போகிற வகைக்காரர்களுக்கு மட்டும். உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லாமல், "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம் என்று நீ எத்தனை முறை பொருமியிருக்கிறாய்! இந்த முறை நோயாளிகளையும் குழுவில் சேர்த்துக்கொண்டுதான் திட்டத்தை வடிவமைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"கேக்காமயே குடுத்துட்டியா?" என்று குதிக்காதே. கேட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்பாய். நீ யோசித்து முடிப்பதற்குள் திட்டமே முடிந்துவிடும். கூட்டம் காணொளியில்தான், வீட்டில் இருந்தபடியே பேசலாம். குறை சொல்வதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதை ஒருமுறை முறைப்படி செய்துவிட்டுப் போயேன்.

சக்கர நாற்காலி பற்றி மறுபடியும் கேட்டிருந்தாய். மறுபடியும் அதே பதில்தான், வேண்டாம். இப்போது உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க மனசே வராது. நான் பிசியோதெரபிஸ்ட், மனிதர்களை நடக்க வைப்பது என் பிழைப்பு. தடியைப் பிடித்துக்கொண்டு நட. காலைப் பயிற்சியை விட்டுவிடாதே.

உன்னை நினைத்துப் பெருமூச்சு விடுவதையே பாதி வேலையாக வைத்திருக்கும்,
அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்கா,

என் பெயரைக் கொடுத்தது பற்றி எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது. கொஞ்சம் நாகரிகமானது.

வருகிறேன். ஆனால் நான் உன் தங்கை என்று அங்கே யாருக்கும் தெரியக்கூடாது. மதியத்துக்கு மேல் கூட்டம் வைத்தால் என் நாக்கு எனக்கு முன்னாலேயே தூங்கப் போய்விடும், அதனால் காலையில் வையுங்கள். எனக்காக நீ பேசக்கூடாது. கடைசியாகச் சொன்னதை முதலாவதாக வைத்துக்கொள்.

ஓட்டுநர் பள்ளியில் இப்போது சாலை விதிகள் வகுப்பு மட்டும்தான் எடுக்கிறேன். காரில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதை நிறுத்தியாயிற்று, உனக்குத் தெரியும். தாழ்வாரத்தைக் கடந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்தால் அன்றைய தெம்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு, யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பது போல ஒப்பிக்கிறேன். போன வாரம் நூலகத்துக்கு நடந்தே போனேன். பெருமைதான். உள்ளே போனதும் அலமாரி வரை போகத் தெம்பில்லை. வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தைக் கூடத் தொடாமல், வாடகை வண்டி பிடித்துத் திரும்பிவந்தேன்.

நான் நாற்காலி கேட்பது சோம்பேறித்தனத்தால் அல்ல. போய்ச் சேருவதற்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் நான் என்ன செய்ய?

இதற்கும் பயிற்சி அட்டவணை அனுப்பிவிடாதே.

பொறுமையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும்,
உன் தங்கை


ஏப்ரல் 2

அக்கா,

முதல் கூட்டம் முடிந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். உடம்பு அசதி ஒரு நாளுக்கு, கோபம் ஒரு நாளுக்கு.

"உங்களோடு சேர்ந்து வடிவமைக்கப் போகிறோம்" என்று தலைமை டாக்டர் ஆரம்பித்தார். அடுத்த நிமிடமே வடிவமைத்து முடித்த ஒன்றைத் திரையில் காட்டினார். போனில் ஒரு செயலி. அதில் ஒரு ஏணி. ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நடந்தால் ஒரு படி ஏறலாம், ஏறினால் நட்சத்திரம் மின்னும். உச்சியில் சூரியன் வேறு. எங்களிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? ஏணிக்கு நீலம் நல்லா இருக்கா, பச்சை நல்லா இருக்கா என்று.

நோயாளிகள் நாங்கள் நான்கு பேர். அதில் ஒரு வக்கீலம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். கழுத்துக்குக் கீழே பெரிதாக எதுவும் அசையாவிட்டாலும் குரலில் மட்டும் இன்னும் நீதிமன்றம் குடியிருக்கிறது அவருக்கு. "டாக்டர், ஏணி ரொம்ப அழகு. ஆனா நாங்கல்லாம் இறங்கிட்டு இருக்கற ஆளுங்க. இறங்கறதுக்குப் பிடிச்சுக்க ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்றார். "நல்ல பாயின்ட் மேடம், குறிச்சுக்கறேன்" என்றார் டாக்டர். அவர் கையில் இருந்த பேனாவின் மூடி கழற்றப்படவே இல்லை.

பிறகு என் முறை. ஆளுக்கு இரண்டு நிமிடம், முடிந்ததும் மணி அடிக்கும். நாங்கள் பேசுகிற வேகத்தில் இரண்டு நிமிடம் என்பது ஒரு தும்மல்! "எனக்கு வேண்டியது..." என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் தொண்டைக்கு வரவேண்டும். வந்துகொண்டிருந்தது. அதற்குள் உன் குரல்.

"அவ சொல்ல வர்றது என்னன்னா, யாராவது கூடவே இருந்து, இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படின்னு தட்டிக்கொடுத்துட்டே இருந்தா போதும். சின்ன வயசுலேருந்தே இவ இப்படித்தான், தள்ளிவிட்டாத்தான் ஓடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அக்கா, நான் சொல்ல வந்தது இது. எனக்கு வேண்டியது, நிறுத்துவதற்கு உதவி. கார் ஓட்டுவதை நிறுத்தியபோது அதை எப்போது நிறுத்தவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, பள்ளியின் சுற்றுச்சுவரே வந்து சொல்லவேண்டியதாகிவிட்டது. ஒன்றை எப்போது விடுவது, விட்ட மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது, மிச்சமிருக்கும் தெம்பை எதற்கு வைத்துக்கொள்வது என்று கூட உட்கார்ந்து யோசிக்க ஒரு ஆள் வேண்டும். இவ்வளவுதான். சொல்லியிருந்தால் மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

எரிச்சலோடு,
தங்கை


ஏப்ரல் 8

என் அருமைக் கோபக்காரிக்கு,

நீ மௌனமாக இருந்தது உனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். திரையில் உன் வாய் திறந்தபடி இருக்கிறது, சத்தம் இல்லை. தலைமை டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தேடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? மூன்றாம் வகுப்பில் உன்னைப் பாட்டுப் போட்டி மேடையில் ஏற்றிவிட்டபோதும் இதேபோல்தான் நின்றாய். அன்றைக்கும் கீழேயிருந்து நான்தான் பாடினேன்.

அப்புறம், "நிறுத்துவதற்கு உதவி." இதை நான் எப்படியம்மா ஒரு திட்டத்தில் எழுதுவேன்? கைவிட்டுவிடு என்று சொல்லித்தர ஒரு மையமா? நீ சோர்ந்துபோய்ப் பேசுகிறாய். படித்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து உன் தலையில் உட்கார்ந்துகொண்டு பேசுகின்றன.

நல்ல செய்தி ஒன்று. கோபம் ஆறிவிடும், பார். "இன்னும் ஒரு படி" என்ற சொல் தலைமை டாக்டருக்கு அப்படிப் பிடித்துவிட்டது! திட்டத்துக்கே அதுதான் பெயர். கூட்டக் குறிப்பிலும் "நோயாளி ஒருவரின் வார்த்தைகள்" என்று போட்டாயிற்று. கோப்பைகூட அச்சடித்துவிட்டார்கள். முதல் கோப்பையை உனக்கு அனுப்புகிறேன். பத்திரமாகப் பிரி, பீங்கான்.

பெருமையும் கவலையுமாக,
அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

கோப்பை வந்தது. கைப்பிடி ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இருக்கிறது. எங்களில் ஒருவரால்கூட இதைப் பிடித்துக் குடிக்க முடியாது. நோயாளிகளைக் கேட்டுச் செய்த கோப்பை!

நான் சொல்லாத ஒன்றை, நான் சொன்னதாக, என் நோயின் பெயரால் அச்சடித்திருக்கிறீர்கள். நாளைக்கு என்னைப் போன்ற ஒருத்தி நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "உங்கள மாதிரி ஒரு நோயாளியே கேட்டதுதாங்க இது" என்று அவளிடம் ஏணியை நீட்டுவார்கள். நான் கேட்டதாக. அவள் யாரைத் திட்டுவாள்?

கற்றுக்கொடுக்கிற காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் பயத்தில் அதை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். விபத்து நடக்காது, உண்மைதான். ஆனால் ஓட்டுகிறவருக்கு, வண்டி ஏன் நிற்கிறது என்றே தெரியாது. தனக்குத்தான் ஓட்ட வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். நான் அப்படி நினைத்துக்கொண்டே முப்பத்தொரு வயது வரை வந்துவிட்டேன்.

பாட்டுப் போட்டி பற்றி எழுதியிருந்தாய். எனக்குப் பாட்டு மறக்கவில்லை அக்கா. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், அந்த வார்த்தைகள் என்னுடையவை அல்ல, உன்னுடையவை என்று நீயே சொல்லவேண்டும். இல்லையென்றால் குழுவில் நான் இல்லை. கடிதமும் இதுவே கடைசி.

தங்கை


ஏப்ரல் 27

குட்டி,

பதில் எழுதாமல் இருக்கவில்லை. நான்கு முறை எழுதினேன். நான்கிலும் நீ எதற்குக் கோபப்படுகிறாய் என்று நான் உனக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். என் எழுத்தைப் படித்து எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

தலைமை டாக்டரைப் பார்த்தேன். பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "இப்ப போய் என்னம்மா? கோப்பை எல்லாம் வந்தாச்சே" என்கிறார். மனிதருக்குக் கோப்பைதான் கவலை. கூட்டத்தில் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முகம் சுருங்கிப் போயிற்று. வருகிற மாதம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வும் சேர்ந்து சுருங்கியிருக்கலாம்.

நாற்காலி விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை. பொய் சொல்லமாட்டேன். உன்னை அதில் உட்காரவைத்துப் பார்க்க என்னால் முடியாது. இதில் என் படிப்புக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

அக்கா


மே 9

அன்புள்ள அக்கா,

கூட்டத்தில் நீயும்தான் இருந்தாய். ஆனாலும் என் பக்கம் திரையில் என்ன தெரிந்தது என்று எழுதுகிறேன்.

நீ மைக்கைத் திறந்து, "'இன்னும் ஒரு படி'ங்கறது நோயாளி சொன்னது இல்ல. நான் சொன்னது. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் பேசிட்டேன்" என்றாய். என்னை "அவங்க" என்றாய். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. தலைமை டாக்டர் தண்ணீர் குடித்தார். வக்கீலம்மா, "குறிப்புல ஏத்திக்கங்க" என்றார். இந்த முறை யாரோ உண்மையிலேயே எழுதினார்கள்.

மணியை எடுத்துவிடச் சொன்னதும் வக்கீலம்மாதான். அதற்குள் எங்கள் நால்வர் வீட்டுக்கும் ஆளுக்கொரு கோப்பை வந்து சேர்ந்திருந்தது. "பேசறவங்க அந்தக் கோப்பையைக் கையில வச்சுக்கட்டும். கீழ வைக்கற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அதுக்காவது உதவட்டும்" என்றார். நான் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். பேச ஆரம்பித்தேன், நின்றேன், மறுபடி ஆரம்பித்தேன். நடுவில் உன் கட்டத்தைப் பார்த்தேன். உன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மைக் மூடியிருந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். அவ்வளவு கஷ்டமா அக்கா அது?

முழுசாகச் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை, யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மற்ற மூவரும் ஆளுக்கொன்றாக, தாங்கள் எதை எப்படி விட்டார்கள் என்று சொன்னார்கள். சமையலை, கையெழுத்தை, பிள்ளையைத் தூக்கிக்கொள்வதை. ஒருவரிடமும் யாரும் அதைக் கேட்டதே இல்லையாம்.

ஏணி இன்னும் திட்டத்தில் இருக்கிறது. "அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்" என்கிறார் டாக்டர். பெயரைப் பற்றி ஆலோசிப்பார்களாம். இவர்களோடு எத்தனை மாதம் மல்லுக்கட்டவேண்டுமோ தெரியவில்லை. மல்லுக்கட்டுவேன்.

நாற்காலி வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறது. நீ அன்றைக்கு வரவேண்டாம். அன்றைக்கு நான் நூலகத்துக்குப் போகவேண்டும், தனியாக. ஞாயிற்றுக்கிழமை வா. கோபப்படலாம், அழலாம், என்னோடு பேசாமல்கூட இருக்கலாம். எதையும் சரிசெய்ய மட்டும் முயற்சி செய்யாதே.

அன்போடு,
தங்கை


மே 15

அன்புள்ள குட்டி,

நேற்று வியாழக்கிழமை. காலையில் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். திரும்பி உள்ளே வந்து, சாவியை உன் அத்தானிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். "என்ன ஆச்சு உனக்கு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

நூலகம் எப்படி இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?

அக்கா