அந்த்சிராபே வழியாக

அந்தனனரிவோ,
ஜூன்.

அன்புள்ள சஹுந்திரா அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மார்செய்யில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவன் அருளட்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் பாதியில் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய், இல்லையென்றால் அத்தான் பின்னாலிருந்து ஏதாவது கேட்கிறார். நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மூன்றாவது பயணத் திட்டம் கிடைத்தது. படித்ததும் அலுவலகத்திலேயே வாய்விட்டுக் கத்திவிட்டேன். எங்கள் முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, மறுபடியும் ஜெர்மன்காரங்களா?" என்று கேட்டார். இல்லை, என் சொந்த அக்கா என்றேன். "அப்ப இன்னும் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பிழைப்பு உனக்குத் தெரியாததில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயண வழி போட்டுக் கொடுக்கிறேன். ஒரு வாரம் என்றால் ஒன்று, இரண்டு வாரம் என்றால் ஒன்று, மாதம் முழுக்க இருப்பவர்களுக்கு இன்னொன்று. எல்லோரும் மடகாஸ்கர் வரைபடத்தின்மேல் இரண்டு விரலை விரித்து வைத்து, "இவ்வளவுதானே!" என்பார்கள். பிரான்ஸே இந்தத் தீவுக்குள் அடங்கிவிடும், அதுவும் எங்கள் சாலையில் வண்டி மாட்டைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போகும் என்று சிரித்த முகத்தோடு சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்கிறது. அதே பாடத்தை மனகாராவில் பிறந்து வளர்ந்த உனக்கும் நடத்த வேண்டுமா?

முதலில் ஒரு மாதம் என்றாய். ஆசை ஆசையாகப் போட்டேன். அதில் அப்பா வீட்டில் மட்டும் ஒரு வாரம் இருந்தது. பிறகு அத்தானுக்கு விடுமுறை குறைவு, பாதியாக்கு என்றாய். மேற்குப் பக்கத்தையே வெட்டி எறிந்தேன், கிழக்குக் கரையில் அப்பா இருக்கும் மனகாராவைத் தொடவில்லை. இப்போது பத்தே நாள் என்கிறாய். அதில் மொரோந்தாவாவின் பாவோபாப் மரங்கள் இருக்கின்றன, வடக்கே நோசி பே கடற்கரை இருக்கிறது, பிள்ளைகள் பார்க்க மரத்துக்கு மரம் தாவும் லெமூர்கூட இருக்கிறது. அப்பாதான் இல்லை.

ஒவ்வொரு மாற்றத்தையும் அப்பாவிடம் சொல்கிறவள் நான். ஒரு மாதம் என்றபோது கழிவறைக்குப் புதுக் கதவு போட்டார், நான்கு கொசுவலை வாங்கினார். இரண்டு வாரம் என்றபோது, "வலை இருக்கட்டும், கொசு ஒண்ணும் ரெண்டு வாரத்துல ஊரைவிட்டுப் போயிடாது" என்று சிரித்தார். இந்த முறை சொன்னதும், "மொரோந்தாவாவுக்கு ரோட்டுல போனா அந்த்சிராபே வழியாத்தானே போகணும்?" என்று கேட்டார். ஆமாம், அங்கே ஓர் இரவு தங்குவார்கள் என்றேன். "அப்ப நான் அந்த்சிராபே வந்துடறேன்" என்றார்.

இடுப்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கும் மனிதர், அக்கா. அந்த வாடகை வேனில் நான்கு பேர் இடத்தில் ஆறு பேரை அடைப்பார்கள். இரண்டு நாள் அப்படி உட்கார்ந்து வர வேண்டும். நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "உன் வேலை ரோடு போடறது. எந்த ரோட்டுல யாரு போகணும்னு சொல்றது இல்ல" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவரை அங்கே பார்க்க நீயும் சரி என்று சொல்லிவிட்டாய். அதனால் கேட்கிறேன். அந்த ஓர் இரவை மட்டும் மாற்றாதே. மற்றது எதை வேண்டுமானாலும் தூக்கு, மரத்தைத் தூக்கு, கடலைத் தூக்கு. நான் வாய் திறக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வா. அந்த்சிராபே குளிர் உனக்கு மறந்திருக்கும்.

உன் தங்கை,
ஹைங்கு


அந்தனனரிவோ,
ஜூலை.

அக்காவுக்கு,

நோசி பேயில் நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். நான் அழைத்தால் நீ எடுப்பதில்லை. எங்கள் வழிகாட்டி ஒருவர் நாளை அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விடுதியில் உன்னைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார். தயவுசெய்து கிழித்துப் போடாதே.

"பிள்ளைகளுக்குச் சாலைப் பயணம் ஒத்துக்கொள்ளாது, மொரோந்தாவாவுக்கு விமானத்தில் போகிறோம், மன்னித்துவிடு" என்று நீ அனுப்பிய செய்தி வந்தபோது நான் உங்களுக்கு முன்னாலேயே கிளம்பி அந்த்சிராபே போகிற வழியில் பாதி தூரத்தில் இருந்தேன். ஓட்டுநர் ஜெர்வே என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். "திரும்பிடலாமா மேடம்?" என்றார். எப்படித் திரும்புவது? அப்பா முந்தின நாளே அங்கே வந்து இறங்கியாகிவிட்டது.

ரயில் நிலையத்துக்கு எதிரே ரிக்‌ஷா இழுக்கிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உன் கல்யாணத்துக்கென்று தைத்து, போடாமலே வைத்திருந்தாரே, அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். நான் போவதற்குள் அந்த ரிக்‌ஷாக்காரர்கள் அத்தனை பேருக்கும் உன் பெயர், பிள்ளைகளின் பெயர் எல்லாம் பாடமாகியிருந்தது. ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, பிரான்ஸ் பொண்ணு வந்தாச்சு!" என்று எழுந்து நின்றார். "இது இல்லப்பா, இது இங்கேயே கிடக்கிற பொண்ணு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் காலையிலேயே ஒரு முழுக் கோழி சொல்லி வைத்திருந்தார். எதற்கென்று உனக்குத் தெரியும். அதன் பின்பாகத் துண்டைப் பேரப்பிள்ளைகள் இரண்டு கையாலும் ஏந்தி அவருக்குக் கொடுக்க வேண்டும், பெரியவருக்குச் செய்கிற மரியாதையாக. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "விமானமா? அதுவும் நல்லதுதான். ரோட்டுல குழந்தைங்க வாந்தி எடுத்திருக்கும்" என்றார். சோறும் கோழியும் மேசைக்கு வந்தன. யாரும் தொடவில்லை. கடைசியில் நானே அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன். "நீ குடுத்தா கணக்குல சேராது. நீதான் வருஷா வருஷம் குடுக்கிறியே" என்று சொல்லிவிட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாதிதான் சாப்பிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. உன்னைத் திட்டினேன், அத்தானைத் திட்டினேன், அந்த விமானத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்பா கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவளைத் திட்டாத. அவ கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்ப நான் என்ன சொன்னேன்? தலைநகர் ரொம்ப தூரம், வண்டியில வர உடம்பு தாங்காதுன்னு சொன்னேன். அப்ப எனக்கு உடம்புல ஒரு கேடும் இல்ல. வெள்ளைக்கார மாப்பிள்ளையைப் பிடிக்கலைன்னு சொல்ல வாய் வரல, ரோட்டு மேல பழியைப் போட்டேன். இப்ப அவளும் அதையே சொல்றா. என் பொண்ணுதானே."

இத்தனை வருடத்தில் அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் சொல்லி என்ன பயன், அக்கா? கேட்க வேண்டியவள் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

இனிமேல் விடுமுறை குறைவு என்று எனக்கு எழுதாதே. பிள்ளைகளின் வாந்தியைக் காட்டாதே. அவர் முகத்தைப் பார்க்க உனக்குப் பயம். அதை நேராகச் சொல்லியிருந்தால் அதற்குத் தகுந்த வழியை நான் போட்டிருப்பேன். என் தொழிலே அதுதானே.

அப்பா அன்றே மனகாரா திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுந்து நின்றார், கால் ஊன்றவில்லை. முழங்காலுக்குக் கீழே தூண் மாதிரி வீங்கியிருந்தது. நானும் ஜெர்வேயும் தூக்கி வண்டியில் படுக்க வைத்து இங்கே என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மருத்துவர் வந்து பார்த்தார். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இன்னொரு முறை இவ்வளவு தூரம் உட்கார்ந்து போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். மனகாராவுக்கு எப்படித் திரும்பப் போகிறார், திரும்புவாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அது புரிந்திருக்கிறது. ஊரில் தான் வளர்க்கும் வாத்துகளைப் பக்கத்து வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நேற்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நோசி பேயிலிருந்து நீங்கள் இங்கேதான் வந்து இறங்க வேண்டும். பாரிஸ் விமானம் இரவில்தான். நடுவில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து என் வீட்டுக்குப் பள்ளமில்லாத சாலை, பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் வந்துவிடலாம். இத்தனை வருட வேலையில் இதைவிடச் சின்ன வழியை நான் யாருக்கும் போட்டதில்லை. ஜெர்வே வெளியே வண்டியோடு நிற்பார். நீ ஏறினால் வருவார். ஏறாவிட்டால் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிவிடுவார். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இன்னொரு முறை அவரைக் காத்திருக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதை எழுதும்போது பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். யாருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டார். ஆபீஸ் வேலை, வடக்கே போயிருக்கிற ஒரு குடும்பத்துக்கு என்றேன்.

"வடக்கேயா? அங்க வெயில் ரொம்பக் கடுமையா இருக்கும். அந்தப் பிள்ளைங்களுக்குத் தொப்பி போட்டுவிடச் சொல்லு. அப்பா சொன்னாருன்னு எழுதாத, சும்மா எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

ஆண்டவன் உங்கள் நால்வரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஹைங்கு