மாத்திரையை எடுத்தது யார்

லா ஃப்ளோரிடா
மார்ச் 9, 2003

அன்புள்ள அண்ணன் அன்சிசாருக்கு,

உன் தங்கை ருபியேலா எழுதிக்கொள்வது. இங்கே நானும் பெண்கள் இருவரும் நலம். உன் நலத்துக்குக் கார்மென் மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறந்த நாளுக்குக்கூட நாலு வரி எழுதாதவள் இத்தனை தாள் எழுதியிருக்கிறாளே என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி சரி, விடு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மழை முன்கூட்டியே வந்துவிட்டது. காப்பிச் செடியெல்லாம் பூத்து உதிர்ந்து கிடக்கிறது. பெரியவள் ஜூலியெத் உன்னைப் போலவே வளர்ந்து, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்கிறாள். சின்னவளுக்குக் கணக்கு வரவில்லை, வாய் மட்டும் நன்றாக வருகிறது. யாரைக் கொண்டிருக்கிறாள் என்று கேட்காதே.

ஜீப் ஓடுகிறது. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் பெட்டி மழைக்காலக் கூரை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பின்பக்க சீல் போய், எண்ணெய் முழுக்க ஹேண்ட் பிரேக் டிரம்மில் இறங்கியது. இந்த வில்லிஸ் வண்டியைச் செய்த புண்ணியவான் ஹேண்ட் பிரேக்கைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் முதுகிலேயே வைத்தானே, அவனை நான் என்ன சொல்ல? நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டியிருந்தது. போன வாரம் பொறுக்க முடியாமல் நானே பெட்டியை இறக்கிவிட்டேன்.

சிரிக்காதே. நடுத்தண்டின் ஊசி பேரிங்குகள் முதல் தடவை முற்றம் முழுக்கச் சிதறின. மண்டியிட்டுப் பொறுக்கியதில் ஒன்று குறைந்தது, அதைக் கோழி விழுங்கியிருக்கும். பிறகுதான் நீ செய்யும் வழி ஞாபகம் வந்தது. துடைப்பக் கட்டையைப் பெட்டி அளவுக்கு அறுத்து, தண்டுக்குப் பதிலாக அதை உள்ளே செருகி, ஊசிகளைக் கெட்டி கிரீஸில் ஒவ்வொன்றாக ஒட்டி வைத்தேன். அப்புறம் உண்மையான தண்டைத் தட்டத் தட்ட, கட்டை மறுபக்கமாக வெளியே வந்துவிட்டது, ஒரு ஊசிகூட விழவில்லை. புது சீல் போட்டு, கேஸ்கெட்டை ஓட்ஸ் டப்பா அட்டையில் வெட்டிக்கொண்டேன். சின்ன ஸ்பிரிங்கும் குண்டும் கண்ணில் தெறிக்காமலிருக்கத் துணியைப் போர்த்திவிட்டுத்தான் கழற்றினேன். இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. இந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள். பின்னால் எழுதப்போவதற்கு அது வேண்டும்.

அத்தை மகள் நெல்சி போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நீ போயிருக்கும் நாட்டில் உனக்கு ஒரு பட்டறையில் வேலை கூப்பிட்டிருக்கிறார்களாமே, மலைக்குப் போகும் நாலு சக்கர இழுவை வண்டிகளைப் பார்க்கிற பட்டறையாமே. நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். மாதக் கடைசிவரை யோசித்துச் சொல் என்று அந்த முதலாளி விட்டிருக்கிறாராம். "என் கைய நானே நம்ப மாட்டேன் நெல்சி, ஒருத்தன் கால எடுத்த கை இது, கிடங்குல பெட்டி தூக்குறதோட இருக்கட்டும்"னு நீ சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். அவள் போனபின் சோற்றுத் தட்டை மூடி வைத்தேன். எழுந்து போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு அழுதேன்.

அண்ணா, நீ மறக்கவில்லை.

நீ விமானம் ஏறிய வருஷம் கலார்கா திருவிழா ஊர்வலத்துக்காக, முன்சக்கரத்தைச் சேர்க்காமல் மெது கியர் விழாதபடி பெட்டிக்குள் தடுத்து நிற்கும் அந்த இரும்பு மாத்திரையை நீதான் எடுத்துக் கொடுத்தாய். பின்னால் மூட்டைகளை அடுக்கி, முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்க, பின்சக்கரத்திலேயே வண்டியை வட்டமடிக்க விட்டேன். இறங்கி நின்று ஆடவும் ஆடினேன். ஆனாலும் இரண்டாம் பரிசுதான். திங்கட்கிழமை காலையில் நீ முந்தின இரவு குடித்த தலைவலியோடு வந்து, மாத்திரையைத் திரும்ப உள்ளே போட்டு மூடினாய். "ஒரு தடவதான், புரியுதா? இது ஆளுங்கள ஏத்துற வண்டி" என்று விரலை ஆட்டிச் சொன்னாய். நீ போட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து ஊரிலும் ஊர்வலம். எனக்கு முதல் பரிசு வேண்டியிருந்தது. அவ்வளவுதான், வேறு நியாயம் எதுவும் இல்லை. உன்னைக் கேட்டால் மாட்டேன் என்பாய். நீ பூசைக்குப் போன நேரத்தில் உன் ஸ்பேனர்களை எடுத்துப் பெட்டியைத் திறந்து, பழைய ரேடியோவின் காந்தத்தைத் துளைக்குள் விட்டு மாத்திரையை இழுத்து எடுத்தேன். முதல் பரிசு வாங்கினேன். ஒரு மேசை மின்விசிறி. மறுநாள் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அறுவடைக் கூலிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், அதற்கு மறுநாள் சந்தை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. போதாக்குறைக்கு, முன்சக்கரத்தைச் சேர்க்காமலே மெது கியர் விழுந்ததால் ஸ்டியரிங்கும் லேசாக இருந்தது. அந்தச் சொகுசும் பிடித்துப்போனது.

பிறகு ரெமான்சோ ஏற்றம். பன்னிரண்டு பேர், எட்டு மூட்டை, பின்படியில் பெரியவர் தோன் எவேலியோ. பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டு அவர் காலை வாங்கிவிட்டது. மற்றது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இதுதான். அன்று மாலை எல்லோர் முன்னாலும் நீ பெட்டியைத் திறந்தபோது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மாத்திரை இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. நீ ரொம்ப நேரம் பார்த்தாய். "நாந்தான் மறந்திருக்கேன்... அன்னைக்கு எனக்குப் போதை தெளியல" என்றாய். என் வாய் திறக்கவில்லை. உண்மை தெரிந்தால் சதுக்கத்தில் ஆள் ஏற்ற என் வண்டிக்கு இருந்த இடம் போய்விடும், இரண்டு குழந்தைகளை எப்படி வளர்ப்பேன் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வருவதற்குள் நீ விமானம் ஏறிவிட்டாய். நாலரை வருஷமாக ஊர் உன்னை ஏசியது, நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி அண்ணனுக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். சண்டாளி நான்.

உனக்கு மட்டும் எழுதினால் பாதிதான் என்று தோன்றியது. நேற்று சனிக்கிழமை, சந்தை நாள். ஜீப்புகளெல்லாம் சதுக்கத்தில் நிற்கும்போது தோன் எவேலியோ லாட்டரிச் சீட்டு விற்றுக்கொண்டு வந்தார். எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டேன். "என்ன ருபியேலா, கல்யாணச் சேதியா?" என்று ஒருத்தன் சிரித்தான். தோன் எவேலியோவை என் ஜீப்புக்குப் பக்கத்தில் கூட்டிப் போய்ச் சொன்னேன்:

"தோன் எவேலியோ, இங்க ரெண்டு கம்பி இருக்கு பாருங்க. ஒண்ணு முன்சக்கரத்தச் சேக்க, இன்னொண்ணு மேட்டுல மெதுவா பலமா இழுக்க. மொதக் கம்பியப் போட்டாத்தான் ரெண்டாவது நகரும். நடுவுல மாத்திரைன்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்து தடுக்கும். எங்கண்ணன் அதச் சரியாத்தான் போட்டுக் குடுத்தாரு. நாந்தான் திருட்டுத்தனமா கழட்டுனேன். அதனால அன்னைக்கு மொத்த இழுப்பும் பின்னச்சில விழுந்து அது ஒடஞ்சுது. ஹேண்ட் பிரேக்கும் அந்த வழியாத்தான் புடிக்கணும், அதுவும் போச்சு. முன்சக்கரம் சேந்திருந்தா வண்டி நின்னிருக்கும், உங்க கால் நசுங்கியிருக்காது."

தோன் எவேலியோ கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். கையை ஓங்குவார் என்று நினைத்தேன், ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏம்மா, கால எடுத்ததக்கூட மன்னிச்சிருவேன். தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா நாலு வருஷமா ஒரு நல்லவன தினமும் சபிக்க வெச்சியே, அந்தப் பாவத்த நான் எங்க போய்க் கழுவுவேன்?" என்று கேட்டார். அவர் சீட்டுக் கட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார்.

டிரைவர்கள் கூடிப் பேசி, எனக்கு மூன்று மாதம் சதுக்கத்தில் ஆள் ஏற்ற இடமில்லை என்றார்கள். நியாயம்தான். அதுவரை வாழைத்தார் சுமப்பேன். பட்டினி கிடக்க மாட்டோம், அதற்காகக் காசு கீசு அனுப்பிவிடாதே. இரவு பெண்கள் இருவரையும் உட்கார வைத்து இதையே சொன்னேன். சின்னவள் என்னோடு பேசுகிறாள். ஜூலியெத் இன்னும் பேசவில்லை.

இன்று காலையில் தோன் எவேலியோ எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றார், உள்ளே வரமாட்டேன் என்றார். "உங்கண்ணனுக்கு எழுதுனா, நான் ஏசுனதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிட்டேன்னு எழுது. நான் சொன்ன வார்த்தையாவே எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அண்ணா. அதைக் கேட்க எனக்கு முகமில்லை. இனி என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே, நெல்சியிடம் சேதி கேட்டுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பட்டறைக்குப் போ. மாதம் முடிவதற்குள் போ. வருகிறேன் என்று அந்த முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் காட்டும் முதல் வண்டிக்கு அடியில் படு. உன் கைகளை ஆண்டவர் காக்கட்டும். அவற்றின்மேல் ஒரு பழியும் இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை.

ருபியேலா